கணிப்பொறி காட்டிய ஷவ்வால்

 

உங்கள் இல்லத்தில் பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறதா? இருப்பின், இந்தப் பக்கத்தைப் படிக்கத் தொடங்குமுன் எழுந்து சென்று அதனை இயக்கி, திரையின் வலப்புறக் கீழ் மூலையில் அது என்ன நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். நேரம் சரியாக இருந்தால் மகிழ்ந்து திரும்பிவிட வேண்டாம். அந்த நேரத்தின்மீது சுட்டியைச் சற்று நிறுத்துங்கள், தேதி தெரியும். அதையும், ஆண்டையும் பாருங்கள். நான் சொல்லப் போகும் நிகழ்ச்சியில் நேரம் ஒரு நிமிடமும் பிசகாமல்தான் இருந்தது.

2014-ஆம் ஆண்டு ரமலான் ஜூலை மாதத்தில் அமைந்திருந்தது. திருச்சி மாவட்டம் உப்பிலியபுரத்தில் வசிக்கும் என் அக்காவின் இல்லத்திற்கு, நோன்பு பத்தைக் கடந்த வேளையில் சென்றிருந்தேன். துறையூருக்கு வடமேற்கே, மேற்கில் கொல்லிமலையும் வடகிழக்கில் பச்சைமலையும் காவல் நிற்க, வயலும் தோப்புமாக விரிந்து கிடக்கும் ஊர் அது. புளியஞ்சோலை அருவிக்குச் செல்வோர் அவ்வழியாகத்தான் செல்வர். அக்காவின் வீடு ஊரின் விளிம்பில் இருந்தது. காற்று எதிர்த்திசையில் வீசினால் பள்ளிவாசல் பாங்கொலி அங்கே எட்டாது. இக்குறையைப் போக்க என் மருமகன் ஒரு வழி கண்டிருந்தான். துபாயிலிருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது வாங்கித் தந்த, முன்பே ஒருவர் பயன்படுத்திய கணிப்பொறியில், தொழுகை நேரங்களைக் கணக்கிட்டு ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கச் செய்யும் மென்பொருள் ஒன்றை அமைத்து வைத்திருந்தான். வீட்டில் அனைவரையும்விட இதனால் மகிழ்ந்தவர் அவனுடைய நன்னி. எழுபதைக் கடந்தவர், கண்பார்வை மங்கியவர். இஃப்தார் வேளையில் கணிப்பொறி இருக்கும் அறைக்கு அருகிலேயே பாய் விரித்து, பேரீத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

நான் சென்ற அன்று மாலை, வானம் மேகமூட்டமாக இருந்தது. கணிப்பொறியில் பாங்கு ஒலித்தது. நன்னி துஆ ஓதி நோன்பைத் திறந்துவிட்டார். நான் வாசலில் நின்று கொண்டிருந்தேன். ஏதோ நெருடிற்று. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: 6 மணி 4 நிமிடம். ஜூலை மாதத்தில் அவ்வட்டாரத்தில் கதிரவன் மறைவது 6.43 அளவில். ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் முன்னதாகவே பாங்கு ஒலித்திருக்கிறது!

இவ்வளவு பெரிய பிழையை வீட்டார் எப்படி உணராதிருந்தனர் என்று நீங்கள் வினவலாம். காரணம் கொல்லிமலை. அவ்வூரில் கதிரவன் அடிவானத்தில் இறங்கி மறைவதைக் காண இயலாது. அது மலைக்குப் பின்னே சென்ற பிறகும், உண்மையான மறைவுக்கு இன்னும் நேரம் எஞ்சியிருக்கும். மேகமும் சேர்ந்துகொண்டால் வெளிச்சத்தை வைத்து மதிப்பிடுவதும் கடினம். ஆகவேதான் மலையடிவார ஊர்களில் அச்சிட்ட கால அட்டவணையையும் கடிகாரத்தையும் மக்கள் நம்புகின்றனர். நன்னி கணிப்பொறியை நம்பினார்.

அறைக்குள் சென்று திரையைப் பார்த்தேன். நேரம் மிகச் சரி. ஆனால் மென்பொருளின் சன்னலில், ரமலான் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஷவ்வால்’ என்று இருந்தது! அதனருகே ஆங்கிலத் தேதி: 1 ஜனவரி 2002.

“ஏனப்பா, தேதியைப் பார்க்கவில்லையா?” என்று மருமகனைக் கேட்டேன்.

“கரண்டு போய் வந்தால் மணி தப்பாகி விடுகிறது மாமா. மணியை நான் ஒவ்வொரு முறையும் சரி செய்துவிடுவேன். தேதி எதற்கு? பாங்கு மணியைப் பார்த்துத்தானே ஒலிக்கிறது?” என்றான்.

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகின்றனர். நேரம் சரியாக இருந்தால் போதும், தேதி ஓர் அலங்காரம் என்பது நம் எண்ணம். தொழுகை நேரத்தைக் கணிக்கும் மென்பொருளுக்கோ தேதிதான் உயிர். ஆண்டின் எந்த நாள் என்பதைக் கொண்டுதான் கதிரவன் வானில் எங்கே நிற்கிறது என்பதை அது கணக்கிடுகிறது. உப்பிலியபுரத்தில் நவம்பர் நடுவில் மஃக்ரிப் 5.50-ஐ ஒட்டி வரும். ஜூலைத் தொடக்கத்தில் 6.43-ஐ ஒட்டி வரும். ஜனவரி முதல் நாளில் 6.04. நம் மருமகனின் கணிப்பொறி, ஜூலை மாதத்து மணிக்கு ஜனவரி மாதத்துப் பாங்கை ஒலித்துக்கொண்டிருந்தது. ஸஹர் முடிவும் இதே கதைதான். ஜூலையில் 4.42 அளவில் தொடங்க வேண்டிய ஃபஜ்ர், ஜனவரிக் கணக்கில் 5.19 என்று காட்டும். நல்லவேளையாக, ஸஹருக்கு அவ்வீட்டார் அட்டவணையைப் பார்த்தே உண்டனர். இல்லையேல் நோன்பு இரு முனைகளிலும் தேய்ந்திருக்கும்.

நடுப்பகலும் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரம், மிர்சாப்பூரை ஒட்டிச் செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. உப்பிலியபுரம் அதற்கு 4 பாகை மேற்கே இருப்பதால், கதிரவன் அங்கு உச்சிக்கு வர 16 நிமிடங்கள் கூடுதலாகின்றன. அதன்மேல் பூமியின் ஓட்டத்தால் நேரும் ஏற்ற இறக்கமும் சேர, நவம்பர்த் தொடக்கத்தில் சரியாக 12 மணிக்கும், பிப்ரவரி நடுவில் 12.30-க்கும் உச்சி வருகிறது. லுஹருக்கே அரை மணி வேறுபாடு!

இனி, அந்தத் தேதி ஏன் 2002-க்குத் தாவுகிறது என்பதைக் காண்போம்.

மின்சாரம் இல்லாதபோதும் கணிப்பொறிக்குள் ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று அதன் இதயம். இந்த எண் ஏன் என்றால், இதனைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். ஒரு விநாடி கிடைத்துவிடும். நம் கைக்கடிகாரங்களிலும் இதே படிகம்தான். 1981-இல் வெளிவந்த முதல் ஐபிஎம் கணிப்பொறியில் இத்தகைய கடிகாரம் கிடையாது. இயக்கும் ஒவ்வொரு முறையும் ‘இன்று என்ன தேதி, என்ன மணி?’ என்று அது நம்மையே கேட்கும். பதில் சொல்லாது தட்டிவிட்டால் 1980 ஜனவரி முதல் நாள் என்று எடுத்துக்கொள்ளும். 1984-இல் வந்த ‘ஏடி’ வகையில்தான் மின்கலத்தால் ஓடும் கடிகாரச் சில்லு இடம்பெற்றது. பின்னர் வந்த கணிப்பொறிகள் அதன் வாரிசுகளே.

அந்த மின்கலம்தான் நம் கதையின் குற்றவாளி. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய, பளபளக்கும் வட்டமாக அது அமர்ந்திருக்கும். கடைக்காரர்கள் ‘சிமாஸ் பேட்டரி’ என்பார்கள். பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் சிஆர்2032 என்னும் வகை. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 3 வோல்ட் தரும். இது தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்றதும் கடிகாரமும் நின்று, தாய்ப்பலகையைச் செய்தவர்கள் எழுதி வைத்த தொடக்கத் தேதிக்கே திரும்பிவிடும். பல பலகைகளில் அது அவை உருவான காலத்தை ஒட்டிய ஆண்டின் ஜனவரி முதல் நாளாக இருக்கும்.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சுவரிலுள்ள மின்விசை போட்டபடியே இருந்தால், கணிப்பொறி அணைந்திருந்தாலும் அதனுள் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டிருக்கும்; மின்கலத்திற்கு வேலை குறைவு. நாமோ சிக்கனம் கருதியும் இடி மின்னலுக்கு அஞ்சியும் இரவில் சுவர் விசையை அணைத்துவிடுகிறோம். அது தவறில்லை. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாம் அனுபவித்த நீண்ட மின்வெட்டுகளையும் இதனோடு கூட்டிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய மின்கலம், நம் ஊர்களில் விரைவில் களைத்துப் போவதன் காரணம் விளங்கும்.

மின்கலம்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? நேரத்தையும் தேதியையும் சரிசெய்துவிட்டு, கணிப்பொறியை முறைப்படி அணைத்து, சுவர் விசையையும் அணைத்து ஓரிரவு விட்டுவிடுங்கள். காலையில் பின்தங்கியிருந்தாலோ, பழைய ஆண்டுக்குத் தாவியிருந்தாலோ மின்கலமே காரணம். இயக்கும்போது கறுப்புத் திரையில் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்றோ, ‘பேட்டரி லோ’ என்றோ அறிவிப்பு வந்து, எஃப்1 விசையை அழுத்தச் சொல்வதும் இதன் அறிகுறியே. என் மருமகன் அந்த எஃப்1 விசையை ஓராண்டாக அழுத்தி வந்திருக்கிறான்! மாறாக, மாதத்திற்கு ஒரு நிமிடம் அளவில் பிசகினால் அது படிகத்தின் இயல்பு. மின்கலத்தை மாற்ற வேண்டியதில்லை.

மாற்றுவது அரிய வித்தை அன்று. இல்லத்தரசிகளும் செய்யலாம்; தையல் இயந்திரத்தில் பாபின் மாற்றுவதைவிடக் கடினமில்லை. முதலில் கணிப்பொறியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து முற்றிலும் பிடுங்கிவிடுங்கள். பிறகு இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தபின், பெட்டியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியை ஒருமுறை கையால் தொடுங்கள். நம் உடலிலும் உடையிலும், குறிப்பாகச் செயற்கை இழைத் துணிகளில், தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும் என்பதால் இது. மின்கலத்தைப் பற்றியிருக்கும் சிறு உலோகக் கொக்கியை நகத்தால் தள்ளினால் அது தானே எழும்பும். கூட்டல் குறி உள்ள முகம் மேலே இருப்பதைக் கவனித்து, புதியதையும் அவ்வாறே வையுங்கள். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றால், பெயர் மறந்தாலும் கவலையில்லை. விலையும் சில பத்து ரூபாய்களே. துறையூர்க் கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் கடையிலேயே எங்களுக்குக் கிடைத்தது.

மிகப் பழைய கணிப்பொறியாயின் இரண்டு எச்சரிக்கைகள். மின்கலத்தை எடுக்குமுன், அமைப்புத் திரையில் வன்தட்டு பற்றி எழுதியிருக்கும் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மின்கலம் போனால் அவையும் மறந்துபோகும். 1990-களின் முற்பகுதியில் வந்த சில பலகைகளில், நாணயத்திற்குப் பதில் நீலநிறப் பீப்பாய் போன்ற மின்கலம் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்து பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சை நிறப் பூஞ்சை போலத் தென்பட்டால் நீங்கள் கைவைக்க வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மடிக்கணினிகளில் இந்த மின்கலம் கம்பியுடன் இணைந்து, பிரிப்பதற்கரிய இடத்தில் இருக்கும். அதற்கும் கடைக்காரரே சரி.

தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். கழற்றிய மின்கலத்தை மேசைமீது வைத்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்லாதீர்கள். தீர்ந்துபோனதாக நாம் கருதும் மின்கலத்திலும் எஞ்சிய மின்சாரம் உண்டு. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். 20 மில்லிமீட்டர் அளவுள்ள இந்த வகைதான் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் அளவு. விழுங்கியிருக்குமோ என்னும் ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பழையதன் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவாக அகற்றுங்கள்.

புதிய மின்கலம் பொருத்தியாயிற்று. கணிப்பொறியை இயக்கியவுடன், விண்டோஸ் தோன்றுமுன், ‘டிலீட்’ அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எந்த விசை என்பதைத் திரையின் அடியில் ஒரு கணம் காட்டும். நீலத் திரையொன்று வரும். அங்கே தேதியை இடும்போது ஒரு கண்ணி உண்டு. பல பலகைகளில் அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். ஜூலை 10 என்பதை நம் வழக்கப்படி 10-07 என்று இட்டால், கணிப்பொறி அதனை அக்டோபர் 7 என்று கொள்ளும். அந்நாளில் உப்பிலியபுரத்தில் மஃக்ரிப் எப்போது தெரியுமா? 6.03! மின்கலத்தை மாற்றிய பின்னும் அதே நாற்பது நிமிடப் பிழை. மணியையும் 24 மணிக் கணக்கில் இட வேண்டும்; மாலை 6 என்றால் 18. பிறகு எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியேறுங்கள்.

விண்டோஸ் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. மூலையிலுள்ள கடிகாரத்தைத் திறந்து ‘டைம் ஸோன்’ என்னும் நேர மண்டலத்தைப் பாருங்கள். சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று எழுதியிருக்கும் ஐந்தரை மணி மண்டலம் தேர்ந்திருக்க வேண்டும். நம் இல்லங்களில் வளைகுடாவிலிருந்து வந்த மடிக்கணினிகள் ஏராளம். அவற்றில் ‘அபுதாபி, மஸ்கட்’ என்னும் நான்கு மணி மண்டலமே இருக்கும். ஊருக்கு வந்தவர், மண்டலத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் ஒன்றரை மணி நேரம் முன்தள்ளி வைப்பார். இணையத்தில் இணைந்தவுடன் கணிப்பொறி உலக நேரத்தைக் கேட்டு, மறுபடியும் துபாய் மணிக்கே திரும்பிவிடும். ‘எத்தனை முறை திருத்தினாலும் ஒன்றரை மணி பின்தங்குகிறதே, மின்கலம் புதிதாயிற்றே!’ என்று வியப்பவர்கள், முள்ளைத் திருத்தாமல் மண்டலத்தை மாற்றினால் தீர்ந்தது. சவூதியிலிருந்து வந்ததாயின் இரண்டரை மணி பின். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்ததாயின் இரண்டரை மணி முன்.

இலங்கை வாசகர்களுக்கு இத்தொல்லை வேறு வடிவில் நேர்ந்தது. 1996-ஆம் ஆண்டு மின் தட்டுப்பாட்டின்போது அங்கு கடிகாரத்தை மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்தள்ளினார்கள். அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரை மணி மண்டலத்திற்குத் திரும்பினார்கள். அதற்கு முன் வெளிவந்த விண்டோஸ் பதிப்புகளில் இலங்கைக்கு ஆறு மணி மண்டலம் பதிந்திருந்ததால், திருத்தம் ஏற்றாத பழைய கணிப்பொறிகள் அரை மணி முந்தி ஓடின. அத்தகைய பொறி இன்னும் எவரிடமேனும் இருப்பின், ‘சென்னை’ மண்டலத்தைத் தேர்ந்துகொண்டால் போதும்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இணைந்திருந்தன. இப்படி இரு இயக்க முறைமைகள் ஒரே கணிப்பொறியில் வாழும்போது, ஒன்று உள்கடிகாரத்தை உள்ளூர் மணியாகவும், மற்றொன்று கிரீன்விச் மணியாகவும் படிப்பதுண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நேரம் துல்லியமாக ஐந்தரை மணி தாவுகிறதெனில் காரணம் இதுவே. பிசகு எவ்வளவு என்பதே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது பாருங்கள்!

இணைய இணைப்பு உள்ளவர்கள் ‘இன்டர்நெட் டைம்’ என்னும் பகுதியில் தானாகத் திருத்தும் வசதியை அமைத்துக்கொள்ளலாம். இந்திய நேரத்தைப் பேணும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது. அவர்களும் இணையம் வழி நேரம் வழங்குகின்றனர். ஆனால் பழைய விண்டோஸில் ஒரு பிடிவாதம் உண்டு. பிழை 15 மணி நேரத்திற்கு மேற்பட்டால் அது இணையத்தின் சொல்லையும் ஏற்காது. ஆகவே தேதியை முதலில் கையால் சரிசெய்துவிட்டு, பிறகே ‘அப்டேட்’ பொத்தானை அழுத்த வேண்டும்.

தேதி தவறினால் தொழுகை நேரம் மட்டுமா கெடும்? அக்காவின் மகளுக்கும் ஒரு குறை இருந்தது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று கணிப்பொறி தடுத்தது. கல்லூரி விண்ணப்பத்தைத் துறையூரிலுள்ள கணினி மையத்திற்குச் சென்று நிரப்பி வந்திருந்தாள். இணையதளங்கள் தம் அடையாளத்திற்குச் சான்றிதழ் ஒன்றைக் காட்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2002-இல் நிற்கும் கணிப்பொறிக்கு 2014-இன் சான்றிதழ், இன்னும் பிறக்காத குழந்தையின் கையெழுத்துப் போலத்தானே தோன்றும்? தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தன. இன்று அதே பழைய கணிப்பொறியில் தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் திறக்கவில்லையெனில், அது வேறு நோய். பல தளங்களின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாயிற்று; புதியதை அறியாத பழைய பொறிகள் அன்றுமுதல் தடுமாறுகின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், ஏழாம் பதிப்புக்கு 2020 ஜனவரியிலும் ஆதரவு நின்றுவிட்டது. அவற்றில் வங்கிக் கணக்கைத் திறப்பது எனக்கு உடன்பாடன்று. பாங்கு ஒலிக்கவும், கணக்கு எழுதவும், பிள்ளைகள் தட்டச்சுப் பழகவும் அவை இன்னும் உதவும்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. வீட்டுக் கணக்கையோ, ஜமாஅத் சந்தாப் பட்டியலையோ அத்தகைய பொறியில் வைத்திருப்போர் உண்டு. தேதி பின்னுக்குத் தாவிய நாளில் சேமித்த கோப்பு, 2002-இன் கோப்பாகப் பதிவாகும். ‘புதியவற்றை மட்டும் நகலெடு’ என்று நீங்கள் மென்பொருளுக்குச் சொல்லியிருந்தால், இன்று எழுதிய கணக்கைப் பழையது என்று ஒதுக்கிவிட்டு, போன மாதத்துக் கணக்கையே அது பாதுகாக்கும். தேதி பிசகியது தெரிந்தால், திருத்திய பின், அண்மையில் எழுதிய கோப்புகளை ஒருமுறை திறந்து மீண்டும் சேமித்துவிடுங்கள்.

ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிச் சிக்கனம் பிடித்ததால் உலகமே ஒருமுறை அஞ்சியது நினைவிருக்கும். 1999 டிசம்பர் 31. அதுவும் ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமைதான். நள்ளிரவில் கணிப்பொறிகள் 1900-க்குத் திரும்பிவிடுமோ என்று அஞ்சினார்கள். முன்கூட்டியே திருத்தியதால் பெருந்தீங்கு நேரவில்லை. ஆனால் 1995-ஐ ஒட்டி வந்த சில பலகைகள் 2000-க்குப் பதிலாக 2094 என்று காட்டின. அடுத்த தவணை 2038 ஜனவரி 19 அன்று. விநாடிகளை 1970 முதல் எண்ணி வரும் 32 பிட் முறைமைகளில், நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியில் எண்ணிக்கை நிரம்பிவிடும். அதுவரை உங்கள் பழைய பொறி உழைத்தால், அதற்கு நீங்கள் விழா எடுக்கலாம்.

ஹிஜ்ரித் தேதி பற்றியும் ஒரு சொல். கணிப்பொறி காட்டும் பிறைத் தேதி கூட்டல் கழித்தலால் வருவது. வானத்தைப் பார்த்து வருவதன்று. ஒரு நாள் கூடக் குறைய இருக்கும். பல மென்பொருள்களில் அதைத் திருத்தும் இடமும் உண்டு. நமக்கு மஃக்ரிபில் நாள் மாறுகிறது, கணிப்பொறிக்கோ நள்ளிரவில். ஆகவே பெருநாளைத் தலைமை காஜியின் அறிவிப்பைக் கேட்டே முடிவு செய்யுங்கள். அஸருக்கு ஹனஃபி, ஷாஃபி என்னும் தேர்வும் மென்பொருளில் இருக்கும். உங்கள் ஜமாஅத் எதைப் பின்பற்றுகிறதோ அதை அமைத்து, ஊர்ப் பள்ளியின் அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உப்பிலியபுரத்திற்குத் திரும்புவோம். அன்றிரவு நன்னியிடம் உள்ளதைச் சொன்னேன். என் மருமகன் தலை கவிழ்ந்து நின்றான். எத்தனை நாளாக இப்படி என்று அவன் கணக்குப் பார்த்தான். முந்தைய நாள் பகலில்தான் நெடுநேரம் மின்சாரம் நின்றது. அதன் பின்னரே அவன் மணியை மட்டும் திருத்தியிருக்கிறான். அந்த மாலையும் இந்த மாலையும் ஆக இரண்டு நோன்புகள். நன்னி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. “பிள்ளை எனக்காகத்தானே செய்தான், களாச் செய்துகொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அவனை அருகில் அழைத்து அமர்த்திக்கொண்டார்.

மறுநாள் மின்கலத்தை அவன் கையாலேயே மாற்றச் செய்தேன். மாற்றிய தேதியை ஒரு துண்டு ஒட்டுநாடாவில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டினான். திரையின் மேல்விளிம்பிலும் ஒரு தாள் ஒட்டினான்: ‘நாள், மாதம், ஆண்டு, மணி’ என்று நான்கு சொற்கள். நோன்பு முடியும்வரை நன்னி பேரனைத் திரைமுன் நிறுத்தி அந்நான்கையும் உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டே பேரீத்தம்பழத்தைக் கையில் எடுத்தாராம்.

பெருநாள் கழிந்த அடுத்த வாரம் அக்கா தொலைபேசியில் அழைத்தார். நன்னி முதல் களா நோன்பை நோற்றிருந்தார். தொலைபேசியை வாங்கி என்னிடம் கேட்டார்: “தம்பி, உங்கள் பெட்டி இப்போது என்ன மாதம் காட்டுகிறது தெரியுமா?”

“என்ன மாதம் மாமி?”

“ஷவ்வால்தான். அன்றைக்கே சொன்னது, நாம்தான் காத்திருக்கவில்லை” என்று சிரித்தார்.